பேரை நம்பி ஓடும் டயர்கள்

சோப்பை மாற்றுவோம், செல்போனை மாற்றுவோம், காரையே மாற்றுவோம். டயர் கம்பெனியை மட்டும் பலர் மாற்றுவதில்லை. "அப்பா அம்பாசடர் வெச்சிருந்த காலத்துல இருந்து எங்களுக்கு இதுதான்" என்று சொல்லி நான்கு டயருக்கும் பணம் கட்டுகிறவரை எந்த டயர் கடையிலும் பார்க்கலாம். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. டயரை உரித்துப் பார்த்து வாங்க முடியாது. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்பது விற்கிற கடைக்காரருக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரிவது பெயர்தான், அதைப் பிடித்துக்கொள்கிறோம். அந்தப் பெயரும் சும்மா வந்ததில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டயர் தயாரிப்பில் இறங்கி, சச்சின் டெண்டுல்கரின் மட்டைவரை போய் ஒட்டிக்கொண்ட கதை இங்கே பலருக்கும் மனப்பாடம்.

ஆனால் பெயர் சொல்லாத சில விவரங்கள் டயரில் இருக்கின்றன. எந்த ஆலை, எந்த வாரம், எவ்வளவு காற்று, எத்தனை வயது. டயரால் நேரும் விபத்துகள் பெரும்பாலும் இந்த விவரங்களுக்குள்ளிருந்துதான் வருகின்றன.

"கார் கம்பெனியே மாட்டிக் கொடுத்த டயர். அதுல தப்பு இருக்காது."

உலகத்தில் இதைவிடப் பழைய டயர் நட்பு இருக்க முடியாது என்று சொல்லத்தக்க ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1906-ல் ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்காக ஹார்வி ஃபயர்ஸ்டோனிடம் 2,000 செட் டயர் வாங்கினார். வியாபாரம் நட்பாகி, நட்பு சம்பந்தமாகவே ஆனது. 1947-ல் ஃபயர்ஸ்டோனின் பேத்தியை ஃபோர்டின் பேரன் மணந்தார். 1990-ல் ஃபோர்டு 'எக்ஸ்புளோரர்' என்ற குடும்ப வண்டியைக் கொண்டுவந்து அது அமோகமாக விற்றபோது, அதில் ஃபயர்ஸ்டோன் டயர் வந்ததில் யாருக்கும் வியப்பில்லை.

2000 ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வேகமாக ஓடும்போது டயரின் மேற்பட்டை, பட்டனோடும் மேல் கம்பிப் பட்டையோடும் சேர்ந்து, அப்படியே உரிந்து வந்தது. பின்பக்க டயர் இப்படி உரிந்தால் உயரமான அந்த வண்டி கட்டுப்பாடு இழந்து உருண்டது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கடைசியில் இந்த டயர்களோடு தொடர்புபடுத்திய மரணங்கள் 271. காயமடைந்தவர்கள் 800-க்கு மேல்.

கார் கம்பெனிக்கு இது எப்படித் தெரியாமல் போனது? எக்ஸ்புளோரரின் எஞ்சினுக்கும் கதவுக்கும் ஃபோர்டு உத்தரவாதம் கொடுத்தது. டயருக்கு மட்டும் உத்தரவாதம் டயர் கம்பெனியுடையது. அதனால் டயர் க்ளெய்ம் கணக்கு எதுவும் தங்களிடம் இல்லை என்று ஃபோர்டு வாதிட்டது. டயர் கம்பெனியிடம் கணக்கு இருந்தது. ஆனால் அது பணம் பட்டுவாடா செய்கிற கணக்காகவே கிடந்தது, எந்த ஆலையின் டயர் அதிகம் கெடுகிறது என்று பார்க்கிற கணக்காக இல்லை. முதலில் மோப்பம் பிடித்தவர்கள் வெளியாட்கள். 1998-லேயே ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவன ஆய்வாளர் ஒருவர் 21 சம்பவங்களைக் கோத்து அரசுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அது கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று செய்தி வெளியிட்ட பிறகுதான் புகார்கள் கொட்டின.

இங்கேயும் புதுக் காரின் கையேட்டைப் புரட்டினால், டயருக்கான உத்தரவாதத்தை டயர் கம்பெனியின் தலையில் வைத்திருப்பதைப் பார்க்கலாம். பழைய டயரைக் கொடுத்து, கழிவு விலையில் புது டயர் வாங்கிக்கொண்டு வருகிற நமக்கு க்ளெய்ம் முடிந்துவிடுகிறது. அந்த டயர் ஏன் கெட்டது என்ற கேள்வி மட்டும் கடையிலேயே தங்கிவிடுகிறது.

"வெயில் காலத்துல காத்தைக் குறைச்சு வைக்கணும், இல்லேன்னா வெடிச்சிடும்."

இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் ஒழிக்க முடிந்தால் போதும், மற்றவற்றை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. ஏப்ரல் பிறந்ததும் காற்று பிடிக்கிற இடத்தில் "முப்பத்திரண்டு வேணாம், இருபத்தெட்டு வைங்க" என்று சொல்கிறவர்கள், தங்களை அறியாமலே டயரை வெடிக்கத் தயார் செய்கிறார்கள்.

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரண கார் டயர் நொடிக்குச் சுமார் 14 முறை சுழல்கிறது. அத்தனை முறையும் மடங்கல். மடங்க மடங்கச் சூடு. சூடு ஏற ஏற, கம்பிப் பட்டைகளை ஒட்டிவைத்திருக்கும் ரப்பர் வலுவிழக்கிறது. வெயில் வெளியிலிருந்து தருகிற சூட்டைவிட இந்த உள்சூடுதான் ஆளைக் கொல்வது. வெயிலில் காற்று விரிவது உண்மைதான். ஆனால் எவ்வளவு? வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஒன்றரைப் புள்ளிக்கு (பி.எஸ்.ஐ.) சற்று மேலே ஏறும். அதைத் தாங்கும்படிதான் டயரை வடிவமைக்கிறார்கள். ஓடிச் சூடேறிய டயரில் நான்கைந்து புள்ளி கூடிக் காட்டினால் பதறிப்போய்க் காற்றை இறக்குவது, அது ஆறிய பிறகு குறைகாற்றில் ஓட்டுவதற்கான ஏற்பாடு.

ஃபயர்ஸ்டோன் விவகாரத்தின் நடுவில் இருந்ததும் இதே கணக்குதான். எக்ஸ்புளோரருக்கு ஃபோர்டு சொன்ன காற்றழுத்தம் 26. பிரச்சினை வெடித்ததும் டயர் கம்பெனி 30 வைக்கச் சொன்னது. 26 சட்டப்படி போதுமானதாக இருக்கலாம். ஆனால் டயர் மாதாமாதம் தானாகவே கொஞ்சம் காற்றை இழக்கும், வீட்டுக்காரர் கவனிக்க மாட்டார், விடுமுறைக்கு ஆறு பேரும் மூட்டையும் ஏறுவார்கள். அப்போது மிச்சமிருக்கும் இடைவெளி மிகச் சிறியது. டயர்கள் அதிகம் உரிந்த மாநிலங்கள் டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா என்பது தற்செயல் அல்ல. வெயிலும் வேகமும் சுமையும் குறைந்த காற்றும் சேர்கிற இடங்கள் அவை. டயர்களைத் திரும்பப் பெறும் வேலையும் அந்த நான்கு மாநிலங்களில்தான் முதலில் தொடங்கியது.

காற்றை மட்டுமே குற்றவாளியாக்கிவிடவும் முடியாது. அதே வண்டியில், அதே 26-ல் ஓடிய குட்இயர் டயர்கள் இப்படி உரியவில்லை என்று ஃபோர்டு திருப்பிக் கேட்டது. நியாயமான கேள்விதான். 2001 அக்டோபரில் அரசு ஆய்வு முடிந்தபோது, இந்த உரிதல் இரண்டு எஃகுப் பட்டைகளின் விளிம்புகளுக்கு நடுவே சிறு விரிசலாகத் தொடங்கி உள்ளேயே பரவும் பிளவு என்று கண்டார்கள். டயரின் தோள்பகுதி வடிவமும், பட்டைகளுக்கு நடுவே இருந்த ரப்பரின் பலக்குறைவும் அதற்குக் காரணங்கள். குறையுள்ள டயர் நல்ல காற்றில் சில காலம் தாக்குப்பிடிக்கும், குறைந்த காற்றில் சீக்கிரம் போகும்.

நாம் செய்ய வேண்டியது சுலபம். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஆள் குறைவாக இருந்தால் ஓர் எண், முழுச் சுமைக்கு வேறோர் எண் என்று இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அது நிரப்ப வேண்டிய அளவு அல்ல. காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். நைட்ரஜன் போட்டால் வெடிக்காது என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

"ரீகால் வந்துட்டா அந்தக் கம்பெனியே மோசம்."

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: "எங்க பிராண்டுக்கு ரீகாலே வந்ததில்ல." ரீகால் வரவில்லை என்றால் குறை இல்லை என்று பொருளல்ல, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றும் பொருளாகலாம். குட்இயரின் ஜி159 என்ற டயர் 1996 முதல் 2003 வரை தயாரானது. அமெரிக்காவில் வீடுபோல வசதி செய்த பெரிய வண்டிகளில் அதை மாட்டினார்கள். வழக்குகள் வந்தன. ஆனால் சமரசம் செய்துகொண்டபோது ஆவணங்கள் நீதிமன்ற உத்தரவால் மூடிவைக்கப்பட்டன. அரசு நெருக்கி, சுமார் 1,73,000 டயர்களை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது 2022-ல். கடைசி டயர் ஆலையை விட்டு வெளியேறி 19 வருடம் ஆன பிறகு. இடைப்பட்ட காலத்தில் அந்த டயரை விசுவாசமாக வாங்கியவருக்கு அது 'ரீகால் வராத' டயர்.

ஃபயர்ஸ்டோனும் முதல்முறை சிக்கியதல்ல. 1978-லேயே 'ஃபயர்ஸ்டோன் 500' என்ற ரேடியல் டயரை ஒரு கோடிக்கு மேல் திரும்பப் பெற்றிருந்தது, அதிலும் உரிதல்தான் பிரச்சினை. 1988-ல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் அந்த நிறுவனத்தை வாங்கியது, ஊர் மறந்தது. 2000-க்குப் பிறகு அந்தப் பெயரே அழிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏராளம். அழியவில்லை. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்களில் இன்றும் ஓடுவது ஃபயர்ஸ்டோன் டயர்கள்தான். ஃபோர்டோடு இருந்த உறவுதான் முறிந்தது. 2001 மே மாதம் இனி ஃபோர்டுக்கு டயர் கிடையாது என்று டயர் கம்பெனி அறிவிக்க, மறுநாளே 1.3 கோடி டயர்களைத் தன் செலவில் மாற்றப்போவதாக ஃபோர்டு அறிவித்தது.

2000-ல் முதல் அறிவிப்பு வந்தபோது அமெரிக்கர்கள் வீட்டு வாசலில் மண்டியிட்டுத் தேடியது பிராண்டை அல்ல. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 'வி.டி.' என்று இருக்கிறதா என்று தேடினார்கள். அது இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஆலைக் குறியீடு. அந்த ஆலையில் 1994 முதல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்து, வெளியாட்களை வைத்து வேலை வாங்கியிருந்தார்கள். ஒரே பெயர், ஒரே வடிவம், ஆலைக்கு ஆலை வேறு தரம். ஆலையை மட்டும் பார்த்ததும் போதவில்லை என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. வேறு ஆலைகளில் செய்த 35 லட்சம் டயர்களையும் திரும்பப் பெற வேண்டி வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அறிவிப்பு வரும் முன்பே, 1999-ல் சவூதி உள்ளிட்ட வளைகுடா நாடுகளிலும், 2000 மே மாதம் வெனிசுவேலாவிலும் ஃபோர்டு இந்த டயர்களை மாற்றிக் கொடுத்திருந்தது. அதை அமெரிக்க அரசிடம் சொல்ல அன்றைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2000 நவம்பரில் வந்த புதுச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியைக் கார்களில் கட்டாயமாக்கியதும் அதே சட்டம். புதுக் கார்களில் எரிகிற அந்த மஞ்சள் விளக்குக்கு வழிகோலியவை இந்த மரணங்கள்.

இந்தியாவில் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. குறை ஓர் உதிரிப் பாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் உள்ள வண்டிகள் அனைத்தையும் அழைக்கலாம். ஆனால் இந்த அழைப்பு வண்டியின் வழியாக வருகிறது. மூன்று வருடம் கழித்துக் கடையில் நீங்களாகப் போய் வாங்கி மாட்டிய டயர் உங்களிடம்தான் இருக்கிறது என்று கார் கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

"பட்டன் நல்லாத்தான இருக்கு!"

பட்டன் இருப்பது ஒரு கணக்கு, ரப்பரின் வயது வேறொரு கணக்கு. வெளியே எடுக்காத காரின் டயரும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் கெட்டிப்படுகிறது. டி.ஓ.டி. வரிசையின் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு வருடம் ஆனால் மாற்றிவிடச் சொல்கிற கார் கம்பெனிகள் உண்டு, பத்து வருடத்துக்கு மேல் கூடவே கூடாது என்பவர்கள் உண்டு. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013-ல் இறந்த விபத்தில் முதல் காரணம் வேகம். கூடவே அந்த போர்ஷே காரின் டயர்கள் ஒன்பது வருடப் பழசு என்பதும் விசாரணையில் வந்தது.

புது டயர் இரண்டு மட்டும் வாங்கினால் முன்னால் மாட்டுவது நம் ஊர் வழக்கம். பின்னால் மாட்டுவதே சரி. ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. ஓடும்போது டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து வேகம் குறையவிட வேண்டும். எக்ஸ்புளோரர்கள் பல உருண்டது டயர் உரிந்த நொடியில் அல்ல, அதற்கு அடுத்த பதற்றத்தில்.

பிடித்த கம்பெனி டயரையே வாங்குங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் நான்கு டயரின் டி.ஓ.டி. எண்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "எதுக்கு சார்?" என்று கேட்பார். எழுத வைத்துவிட்டு வாருங்கள்.