நிரம்பாத தொட்டி

உரைநடை உலகம்

நுழையும்முன்

வீட்டிற்குள் வரும் நீரைப் பற்றி நாள்தோறும் பேசும் நாம், வீட்டை விட்டு வெளியேறும் நீரைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். அந்நீர் எங்கே செல்கிறது? எவர் கிணற்றில் கலக்கிறது? அதன் கசடை அள்ளுபவர் யார்? அறிவியலும் அறமும் சந்திக்கும் இவ்வினாக்களைத் தாராபுரம் வட்டார நிலத்தின் பின்னணியில் ஆராய்கிறது இப்பாடம்.

கொங்கு நாட்டில் புதுமனை கட்டுவோரிடையே பெருமையாக வழங்கும் பேச்சு ஒன்று உண்டு: “எங்கள் வீட்டுத் தொட்டி இருபது ஆண்டுகளாக நிரம்பவே இல்லை.” கேட்போரும் அவ்வாறே தமக்கும் ஆழமாகக் குழி வெட்டித் தருமாறு கொத்தனாரிடம் வேண்டுகின்றனர். இருபது ஆண்டுகள் அத்தொட்டிக்குள் சென்ற கழிவுநீர் எங்கே போயிற்று என்று எவரும் வினவுவதில்லை. அவ்வினாவிற்கு விடை காண, முதலில் நாம் காலூன்றி நிற்கும் நிலத்தை அறிய வேண்டும்.

ஆற்றங்கரையும் பாறை நிலமும்

தாராபுரம் அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த தொன்மையான ஊர். சங்க இலக்கியம் ஆன்பொருநை எனப் போற்றிய ஆறு இதுவே. ஆனைமலைப் பகுதியில் தோன்றி, உடுமலைக்கு அருகே அணையில் தேங்கி, தாராபுரத்தைக் கடந்து, கரூருக்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இவ்வட்டாரம் இருப்பதால் இங்கு மழை குறைவு. எனவே தோட்டத்துச் சாளைகளும் ஊர்ப்புறக் குடியிருப்புகளும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி வாழ்கின்றன.

இந்நிலத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சில மீட்டர் அளவிற்கு மண்ணும் சிதைந்த பாறையும் படிந்துள்ளன. அதற்குக் கீழே, பாறை விரிசல்களின் வழியாகவே நீர் நகர்கிறது. மண்ணின் வழியே மெல்லக் கசியும் கழிவுநீரை மண்துகள்களும் அவற்றில் வாழும் நுண்ணுயிர்களும் தூய்மை செய்கின்றன. விரிசலில் புகும் நீருக்கு அந்த வடிகட்டல் கிடைப்பதில்லை. அது பக்கத்துக் கிணற்றை அப்படியே சென்றடையலாம். அடித்தளம் பூசப்படாத, பாறை வரை வெட்டப்பட்ட குழி நிரம்பாமல் இருப்பதன் உண்மை இதுதான்: உள்ளே சென்ற நீர் கண்காணாத வழியில் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

திருப்பூர் மாவட்டம் என்றவுடன் நொய்யலைக் கெடுத்த சாயக்கழிவு பலருக்கும் நினைவிற்கு வரும். கழிவுநீரை முற்றிலும் மறுசுழற்சி செய்யாத சாய ஆலைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சாயக்கழிவிற்கு நிறம் உண்டு; அதனால் அது கண்ணில் பட்டது. வீட்டுக் கழிவிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட்டிற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் அதன் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்தியத் தர நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியை ஏற்கும் திறனை இழக்கிறது. நீரைக் காய்ச்சினால் நோய்க்கிருமிகள் அழியும், நைட்ரேட் நீங்காது.

தொட்டி செய்யும் வேலை

வழக்கில் ‘செப்டிக் டேங்க்’ எனப்படும் கழிவுநீர்த் தொட்டியின் முன்னோடியை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் பிரான்சு நாட்டின் லூயி முரா. அவர் 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்டு கேமரூன் அதனை மேம்படுத்தி, இன்று வழங்கும் பெயரையும் இட்டார்.

தொட்டிக்குள் கழிவு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. கனமான கசடு அடியில் படிகிறது; எண்ணெயும் நுரையும் ஏடாக மிதக்கின்றன; இடையில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் கசடின் ஒரு பகுதியைச் செரித்து வளியாக மாற்றுகின்றன. இடையில் உள்ள நீர் மட்டுமே வெளியேற்றுக் குழாய் வழியே அடுத்த கட்டத்திற்குச் செல்கிறது. எனவே, நீர்க்கசிவின்றிக் கட்டப்பட்ட நல்ல தொட்டி, வெளியேற்றுக் குழாயின் மட்டம் வரை எப்போதும் நீர் நிறைந்தே இருக்கும். நிறைந்திருப்பதே அதன் நலத்தின் அடையாளம்.

வெளியேறும் அந்நீர் தூய நீர் அன்று. அதில் கிருமிகள் மிகுந்திருக்கும். தொட்டி செய்வது பாதி வேலை. மீதியை மண்ணோ, வடிகட்டியோ, செடிப்படுகையோ செய்தாக வேண்டும். தொட்டிநீரைத் தெருச் சாக்கடையில் விடும் வீடு, அந்தப் பாதியைக் கீழே உள்ள ஊர்களின் தலையில் சுமத்துகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் அளவு. நாளொன்றுக்கு ஒருவருக்கு 135 லிட்டர் நீர் எனக் கொண்டால், அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகிறது. ஐவர் வாழும் வீட்டில் இது 540 லிட்டர். குளியல் நீரையும் சமையலறை நீரையும் பிரித்துத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சுவது கொங்குச் சாளைகளில் பழகிய வழக்கம். அவ்வாறு பிரித்தால் தொட்டியின் சுமை பெரிதும் குறையும். ஐவருக்கான தொட்டி ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும், நீர் நிற்கும் ஆழம் 1 மீட்டரும், அதற்கு மேல் வெற்றிடமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. ஊரில் வெட்டப்படும் ஆழக்குழிகளை நோக்க இது மிகச் சிறியது.

அடுத்தது மண். குழி அமையவுள்ள இடத்தில் சிறு குழி தோண்டி, நீர் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நீர் ஊற்றி, நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க ஆகும் நேரத்தைக் கணிக்க வேண்டும். 30 நிமிடத்திற்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 நிமிடம் ஆனால் நீண்ட உறிஞ்சு வாய்க்கால் தேவை. அதற்கும் மேற்பட்டால் மண்ணை நம்பாமல் வடிகட்டி அமைக்க வேண்டும். செம்மண்ணில் நீர் எளிதில் இறங்கும், கரிசலில் தயங்கும். உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும் வீட்டிலிருந்து 6 மீட்டரும் தள்ளி இருத்தல் வேண்டும். பாறை விரிசல் நிறைந்த இடத்தில் இத்தொலைவைக் கூட்டுவதே நன்று.

மூன்றாவது முறைமை. நீர்ச்செலவு குறைந்த சிற்றில்லத்திற்கு, நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்குமாயின், இரட்டைக்குழிக் கழிப்பறை ஏற்றது. ஒரு குழி நிறைந்ததும் மற்றொன்றிற்குத் திருப்பிவிட்டு, முதற்குழியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால், உள்ளே இருப்பது மணமற்ற எருவாக மாறும். இடமும் நீரும் மிகுந்த வீட்டிற்கும் பள்ளிக்கும் தொட்டியுடன் சரளை வடிகட்டியும், கல்வாழை, நாணல் போன்றவை வளரும் செடிப்படுகையும் பொருந்தும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை இத்தகைய முறையில் தன் கழிவுநீரைத் தூய்மை செய்து தோட்டத்திற்குப் பயன்படுத்துகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காற்றூட்டும் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைகின்றன. 1914இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டெனும் லாக்கெட்டும் வெளியிட்ட ஆய்வே இவற்றின் வேர். இவற்றில் உயிர்வளியை நம்பிய நுண்ணுயிர்கள் உழைக்கின்றன. மின்சாரம் நெடுநேரம் நின்றால் அவை மடிந்து நீர் நாறும். இயக்கத் தெரிந்த ஆளும் மாதந்தோறும் செலவும் இல்லாத இடத்தில் இதனை வாங்கி வைப்பது வீண்.

தெரிந்து தெளிவோம்

திருச்சிராப்பள்ளி மாவட்டம் முசிறியில் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே சேர்த்து எருவாக்கும் சூழல்நலக் கழிப்பறைகள் அமைக்கப்பட்டன. சிற்றூர்களில் கழிப்பறைகளைப் பரப்பிய மராச்சி சுப்புராமன் 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பேணும் முறை

நல்ல தொட்டியும் பேணப்படாவிட்டால் கெடும். அதற்குள் உழைப்பவை உயிர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அமிலமும் கிருமிநாசினியும் அளவின்றி ஊற்றப்பட்டால் அவை அழியும். எண்ணெய், நெகிழி, அணையாடை ஆகியவை செரிமானமாகாமல் குழாயை அடைக்கும். தொட்டியைத் தொடங்கிவைக்கத் தனிப்பொடி எதுவும் தேவையில்லை; வேண்டிய நுண்ணுயிர்கள் கழிவுடனேயே வந்து சேர்கின்றன. வளி வெளியேறும் குழாயின் வாயில் வலை கட்டவேண்டும். இல்லையெனில் தொட்டி கொசுப்பண்ணையாகும்.

இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும். காலம் கடந்தால் கசடு வெளியேற்றுக் குழாய் மட்டத்திற்கு ஏறி, நீருடன் சென்று உறிஞ்சுகுழியின் மண்துளைகளை அடைத்துவிடும். பின்னர் புதுக்குழி வெட்டுவதைத் தவிர வேறு வழியிராது. கசடு அகற்றும் செலவு, அப்புதுக்குழியின் செலவை நோக்கச் சிறியதே.

தொட்டிக்குள் இறங்கலாகாது

மூடிய தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கும். முன்னது தீப்பற்றும். பின்னது அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. ஆனால் செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என நம்பி இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார்; அவரைக் காக்க இறங்குபவரும் வீழ்கிறார். ஒரே தொட்டியில் இருவரும் மூவரும் இறந்த செய்திகள் பின்னணியில் உள்ள காரணம் இதுவே.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் மனிதரை இறக்குவதையும் குற்றமாக்கியது. இவ்வாறு இறப்போர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. நூறு ரூபாய் மிச்சப்படுத்த ஆளை இறக்கும் வீட்டுக்காரரும் இக்குற்றத்தில் பங்காளரே. ஊர்தியின் உறிஞ்சுகுழாய் எட்டும் இடத்தில் தொட்டியை அமைத்து, எளிதில் திறக்கக்கூடிய மூடியைப் பொருத்தினால், ஒருவரை உள்ளே இறக்கும் தேவையே எழாது. ஓர் உயிரைக் காக்கும் முடிவு, வரைபடம் போடும் நாளிலேயே எடுக்கப்படுகிறது.

கசடு சேரும் இடம்

கசடு என்னும் சொல்லைக் குற்றம் என்ற பொருளிலும் தமிழ் ஆளும். ஊர்தி அள்ளிச் செல்லும் கசடு இரவோடு இரவாக ஓடையிலோ காலி மனையிலோ கொட்டப்பட்டால் அச்சொல்லின் இரு பொருளும் ஒன்றாகிவிடும். இதனைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2014இல் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. 2017இல் கருங்குழிப் பேரூராட்சியில் கசடுச் சுத்திகரிப்பு நிலையம் செயற்பாட்டிற்கு வந்தது. கொங்கு மண்டலத்தில் கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகள் இம்முயற்சியின் முன்மாதிரிக் களங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஊர்தி ஓட்டுநரிடம் உரிமம் உள்ளதா, கசடு எங்கே கொட்டப்படும் என்று கேட்டறிவது வீட்டுக்காரரின் கடமை.

வீட்டின் முகப்பிற்கு நாம் செலவிடும் சிந்தனையில் சிறு பகுதியைப் பின்புறத் தொட்டிக்குச் செலவிட்டால் போதும். பக்கத்துக் கிணறும் ஆற்றின் கீழ்க்கரை ஊர்களும் தூய்மைப் பணியாளரின் உயிரும் காக்கப்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுக் கழிவுநீர் செல்லும் வழியை வரைபடமாக்கி, அருகில் உள்ள கிணற்றின் தொலைவைக் குறிக்க.
2. பெரியோர் துணையுடன் உங்கள் பகுதி மண்ணில் நீர் இறங்கும் நேரத்தை அளந்து, செய்முறைக் குறிப்பு எழுதுக.

வினாக்கள்

1. கழிவுநீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருப்பது நலத்தின் அடையாளமாவது எவ்வாறு?
2. கடினப்பாறை நிலத்தில் ஆழக்குழி வெட்டுவதன் தீங்குகளை விளக்குக.
3. ‘தொட்டியைப் பேணுதல் அறிவியலும் அறமும் ஆகும்’ – பாடப்பகுதி வழி நிறுவுக.