விரலால வாசிக்கப் போறியா? கிட்டார் அளவைப் பார்த்து வாங்கு!

தங்கச்சி, பிக் இல்லாம விரலாலேயே வாசிக்கணும்னு ஆசைப்படுறியா? அப்போ கடையில வரிசையா மாட்டியிருக்கிற பெரிய கிட்டார் உனக்கு வேண்டாம்.

அந்தப் பெரிய உடம்புக்கு ட்ரெட்நாட்னு பேரு. 1916-ல மார்ட்டின் கம்பெனி ஒரு போர்க்கப்பல் பேரை வெச்சுக் கொண்டுவந்தது. பிக்கால ஓங்கி அடிச்சு ரிதம் வாசிக்க அது அருமையா இருக்கும். விரலால தொட்டா பேஸ் முழங்கி, மெல்லிய கம்பிகளை அமுக்கிடும். 'இளைய நிலா' பாட்டோட தொடக்கம் மாதிரி ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேட்கணும்னா, இடுப்பு ஒடுங்கின ஓ.எம். அல்லது கன்சர்ட் அளவுதான் சரி. ட்ரெட்நாட் அகலம் 15⅝ அங்குலம், ஓ.எம். 15. இவ்வளவுதானான்னு கேட்காதே. ஓ.எம்.ல ஆழமும் முக்கால் அங்குலம் குறைச்சல், மடியில வெச்சதுமே தெரியும். யமஹாவுல எஃப்.ஜி.ன்னா பெரிசு, எஃப்.எஸ்.ன்னா சின்னது. எஃப்.எஸ். 800-ல கம்பி நீளமும் 650 மி.மீ.க்குப் பதிலா 634 தான், சின்னக் கைக்கு எட்டும்.

ஆன்லைன்ல வாங்காதே. செங்கல்பட்டுப் பக்கம் இருந்தா சென்னை பீச் லோக்கல் ஏறி எழும்பூர்ல இறங்கு, அண்ணா சாலைக்குப் போயிடலாம். 1842-லேருந்து இருக்கிற மியூசி மியூசிகல் கடை அங்கதான். கைப்பிடி இல்லாத நாற்காலி கேட்டு உட்காரு. வலது கையை கிட்டார் மேல போட்டதும் தோள் தூக்குதான்னு பாரு. தூக்கினா, அது உனக்குப் பெரிசு. அப்புறம் கட்டைவிரலால ஆறாவது கம்பியையும் மோதிரவிரலால முதல் கம்பியையும் ஒண்ணா மீட்டு. ரெண்டும் சமமா கேட்கணும். கழுத்தோட மேல் நுனியில கம்பிகளைத் தாங்குற நட்டோட அகலத்தையும் கேளு. 43 மி.மீ. போதும், விரல் தடிமனா இருந்தா 44-க்கு மேல பாரு.

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் வீடுன்னா இன்னும் ஒண்ணு. உப்புக்காத்துல கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கோட்டிங் கம்பி போடு, வாசிச்சதும் துணியால துடைச்சு பெட்டியில வை. ஈரத்துல சாலிட் டாப், அதாவது ஒட்டுப்பலகை இல்லாத முழு மர மேல்பக்கம், உப்பும், கம்பி உயர்ந்து அழுத்தவே கஷ்டமாயிடும். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பை போட்டு வை.

கடைக்குப் போகும்போது வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரையும் கூட்டிட்டுப் போ. அவங்க வாசிக்கட்டும், நீ எதிர்ல உட்கார்ந்து கேட்டுட்டுப் பணத்தை எடு.