கப்பல் தாமதமானாலும் பிள்ளைகளுக்குச் சத்துணவு

சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாளாகும். கடல் கொந்தளித்தால் காரட், பீன்ஸ் விலை எட்டாத உயரம் போய்விடும். அந்த நாட்களில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் தேநீரும்தான். பசி அடங்கும், இரத்தம் ஊறாது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. தேநீரிலுள்ள டானின், உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்குத் தேநீரே வேண்டாம், தாய்மார்களே! (பாலில் கலந்தால் பரவாயில்லை என்பது வீண் சமாதானம்.)

வேலியோர முருங்கை கப்பலுக்குக் காத்திருப்பதில்லை. கீரையைப் பருப்போடு வேகவைத்து, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். புளிப்பிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். கொதிக்கும்போது பிழிந்தால் அந்தச் சத்தில் ஒரு பகுதி வீண். கூடவே முள் நீக்கிய சூரைமீன் ஒரு துண்டு இருந்தால் கீரையின் இரும்பும் நன்றாகச் சேரும்.

மாலையில் பப்பாளி, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தேங்காய் தூவிய பாசிப்பயறு. வேர்க்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும், இடித்துக் கொடுங்கள்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த பருப்புச்சாதம் தொடங்கலாம். ஒரு வயதுவரை தேன் கூடாது, இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்க வேண்டாம். பாட்டிமார் நீர்க்கக் கரைக்கச் சொல்வார்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதமே சரி.