வளவிலுள்ள வாழைக்கும் பப்பாசிக்கும் நுண்ணுயிர்க் கரைசல்

குயின்ஸ்லாந்தில் வாழும் நம் அன்பர்கள் பலரின் வளவில் வாழையும் பப்பாசியும் நிற்கின்றன. இடமுள்ளவர்கள் ஒரு மாமரமும் வைத்திருப்பார்கள். பூசை முடிந்து அன்னதானத்துக்குக் காத்திருக்கும் வேளையில் பேச்சு மரங்களின் பக்கம் திரும்பினால், "ஈ.எம். கரைசல் ஊற்றிப் பார்த்தீர்களா?" என்று யாராவது கேட்கிறார்கள். அது என்ன, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இங்கு பார்ப்போம்.

1980களின் தொடக்கத்தில் யப்பானின் ஒக்கினாவாவிலுள்ள றியூக்கியு பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த தெறுவோ ஹிகா இதை உருவாக்கினார். தயிரைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த பற்றீரியாக்கள், ஈஸ்ற், ஒளிச்சேர்க்கைப் பற்றீரியாக்கள் ஆகிய மூன்றும் இதில் முக்கியமானவை. நம் பஞ்சகவ்வியமும் புளிக்கவைத்த கலவைதான். அதைப் பயிருக்கு ஏற்றதாக்கிப் பரப்பியவர் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன். நூறு லீற்றர் நீருக்கு மூன்று லீற்றர் என்பது அதன் வழக்கமான அளவு. ஆனால் அதில் சாணம் இருப்பதால், பறிக்கப்போகும் பழத்தில் தெளிக்கக் கூடாது.

கடையில் விற்கும் மூலக் கரைசலை அப்படியே ஊற்றுவது வீண் செலவு. ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கலன் ஒன்றில் 250 மில்லிலீற்றர் மூலக் கரைசல், அதே அளவு கரும்புப் பாகுக் கழிவு (மொலாசஸ்), நாலரை லீற்றர் வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றைக் கலந்து இறுக மூடி, சூடான இடத்தில் ஒரு கிழமை வையுங்கள். தினமும் மூடியைச் சற்றுத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். நான் முதல்முறை கண்ணாடிப் போத்தலில் வைத்து, இரண்டு நாள் மறந்துபோனேன். கராச் சுவரில் அந்தக் கறை இன்றும் இருக்கிறது.

இனிப்பும் புளிப்பும் கலந்த மணம் வந்தால் சரி. அழுகல் நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். குழாய் நீரிலுள்ள குளோரின் இந்த உயிர்களைக் கொல்லும். ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் சேர்த்த நீரில் அது போகாது. ஆகவே மழைநீர்த் தாங்கி இருந்தால் அதுவே நல்லது. தயாரான கரைசலை ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பத்து லீற்றர் வாளி நீருக்கு இரண்டு தேக்கரண்டி போதும். மரத்தடியில் கொம்போஸ்ற் இட்டு, கரும்புச் சக்கையால் மூடி, மாலையில் அதன்மேல் இரண்டு கிழமைக்கொருமுறை ஊற்றலாம். உக்குவதற்குச் சக்கையும் குப்பையும் இல்லாத வெறும் மண்ணில் ஊற்றிப் பயனில்லை. இது பசளையுமல்ல. வாழை பொட்டாசியத்தை நிறைய உறிஞ்சும் பயிர். அதைப் பசளையாகத்தான் கொடுக்க வேண்டும்.

சூரிச் அருகே நான்கு ஆண்டுகள் நடந்து, 2010இல் வெளியான ஆய்வொன்றில், உயிருள்ள கரைசலுக்கும் உயிர் நீக்கிய கரைசலுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கண்ட நன்மை அதனுடன் இட்ட சேதனப் பொருளால் வந்தது என்றார்கள். அது குளிர்நாட்டு நிலம் என்பது உண்மைதான். ஆயினும் பணத்தை முதலில் கொம்போஸ்றில் போடுங்கள், மிஞ்சினால் போத்தல் வாங்குங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

மிக முக்கியமான விடயம் இனித்தான். எந்தக் கரைசலும் வாழையின் முடிக்கொத்து நோயையோ பனாமா வாடல் நோயையோ மாற்றாது. புதிய இலைகள் ஒடுங்கி, ஓரம் மஞ்சளாகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நின்றால் அது முடிக்கொத்தாக இருக்கலாம். 1920களில் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து வாழைச் செய்கையையே வீழ்த்திய நோய் அது. நோயுள்ள குட்டிகளாலும் வாழை அசுவினியாலும் பரவுகிறது. பனாமா நோயின் கொடிய வகை 2015இல் ரலி பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மண்ணோடும் போகும்.

நாமோ கோவிலுக்கு வரும்போது, "அக்கா, உங்களுக்கு ஒரு கதலிக்குட்டி கொண்டுவந்திருக்கிறேன்" என்று காரின் பின்பக்கத்தைத் திறக்கிறோம். வாழைக்குட்டியை இடம் மாற்றுவதற்கும், வளவில் எந்த இனம், எத்தனை மரம் என்பதற்கும் இங்கு சட்டம் உண்டு. வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் முன் மாநில விவசாயத் திணைக்களத்தை ஒருமுறை கேளுங்கள். சந்தேகமான மரத்தை நீங்களே தோண்டி எடுக்காமல், அவர்களுக்கு அறிவித்துவிட்டு அப்படியே விடுங்கள்.