வீட்டு வலை, கைத்தொலைபேசி வலை, பாடசாலை வலை: தீவக மாணவருக்கு ஏற்ற கட்டளை முறை எது?

யாழ்ப்பாணத் தீவகத்தில், நயினாதீவிலோ நெடுந்தீவிலோ வீட்டை வைத்துக்கொண்டு, குறிகட்டுவான் இறங்குதுறை வழியாக வேலணைக்கோ ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாண நகருக்கோ படிக்கச் சென்றுவரும் மாணவர் ஒருவரின் மடிக்கணினி, ஒரே நாளில் மூன்று கம்பியில்லா வலைகளையேனும் சந்திக்கிறது. வீட்டில் 4ஜி ரவுட்டரின் வலை, படகிலும் பேருந்திலும் கைத்தொலைபேசி திறந்துவிடும் ஹொட்ஸ்பொட், பாடசாலையிலோ நூலகத்திலோ அங்குள்ள பொது வலை என்பன அவை. பல்கலைக்கழகம் சென்றவருக்கு இவற்றோடு எடுரோம் என்னும் கல்வி வலையும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு வலைக்கும் உரிய பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை ஆகியவற்றைக் கணினி தன்னுள் சேமித்து வைக்கும் தொகுதியை இணைப்பு விபரம் என்றும், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டச்சிட வேண்டிய கட்டளைகளை ஓர் எழுத்துக் கோப்பில் வரிசைப்படுத்தி ஒரே சொடுக்கில் இயக்கும் ஏற்பாட்டைக் கட்டளைக் கோப்பு, அதாவது ஸ்கிரிப்ட், என்றும் இங்கே குறிப்பிடலாம். ஓர் இணைப்பு விபரத்திலிருந்து மற்றொன்றுக்கு மடிக்கணினியை மாற்றுவதற்கு எந்த வகைக் கட்டளைக் கோப்பைக் கற்பது என்ற சிறிய கேள்விக்குத்தான், அண்மைக் காலத்தில் தீவக மாணவர் பலர் பிழையான விடையைத் தேர்கின்றனர்: நகரத்து நண்பர் சொன்னதற்காகச் சிலர், மடிக்கணினி வாங்கித் தந்த வெளிநாட்டு உறவினர் விரும்பியதற்காகச் சிலர், பிள்ளை ஏதோ பெரிதாகப் படிக்கிறது என்று ஊர் பேச வேண்டும் என்ற பெற்றோரின் ஆசைக்காக இன்னும் சிலர்.

இந்தக் கேள்வி தீவகத்தில் கூடுதல் கனம் பெறுவதற்கு மின்சாரமே முதற் காரணம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இம்மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரத்தைச் சேர்த்து வழங்குவதற்காக 1.1 கோடி அமெரிக்க டொலர் இந்திய மானியத்தில் கலப்பு மின்திட்ட ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது 2024 மார்ச்சில்தான். மின்சாரம் நின்றால் ரவுட்டர் உடனே அணைந்துவிடும். மின்கலத்தில் ஓடும் மடிக்கணினியோ அணையாமல், தான் முன்பு அறிந்த அடுத்த வலையாகிய கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட் திறந்திருந்தால் அதற்குத் தாவிக்கொள்ளும். பின்னணியில் நடந்துகொண்டிருந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல் இப்போது கைத்தொலைபேசியின் டேட்டாவைக் குடிக்கத் தொடங்கும். மின்சாரம் மீண்டு ரவுட்டர் விழித்த பின்னரும், ஏற்கெனவே ஒரு வலையில் இணைந்திருக்கும் கணினி தானாக வீட்டு வலைக்குத் திரும்பும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே வலை மாற்றம் என்பது இங்கே வசதிக்கான வித்தை அல்ல, மாதாந்த டேட்டாவைக் காக்கும் வேலை.

பணிப்பட்டியில் உள்ள வலைக் குறியைச் சொடுக்கிக் கையால் மாற்றும் முறையை எல்லோரும் அறிவர். இரண்டு வலைகளுக்கு மேல் இல்லாமல், அவை இரண்டும் ஐபி முகவரியை, அதாவது வலையில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணை, தாமே வழங்குகின்ற வலைகளாக இருந்தால் அதுவே போதும். கைத்தொலைபேசி வலையைக் கட்டண அளவுள்ள இணைப்பு, அதாவது மீட்டர் இணைப்பு, என்று ஒருமுறை குறித்துவிட்டால் விண்டோஸ் அதன்வழியே பெரும்பாலான இற்றைப்படுத்தல்களை இறக்குவதை நிறுத்திக்கொள்ளும். கட்டளைக் கோப்பு உண்மையில் தேவைப்படுவது, பாடசாலைக் கணினிக்கூடம் போன்ற ஓரிடத்தில் நிலையான ஐபி முகவரியைக் கையால் இட வேண்டியிருக்கும்போதுதான்.

விண்டோஸில் இதற்கென இருக்கும் கருவி நெட்எஸ்எச் என்னும் கட்டளை; விண்டோஸ் விஸ்டா காலம் முதல் அதற்குள் கம்பியில்லா வலைக்கான பகுதியும் உண்டு. நோட்பேடில் மூன்று வரிகள் எழுதி பட்ச் கோப்பாகச் சேமித்து, நிர்வாகி உரிமையோடு இயக்கினால் வேலை முடிந்தது: முகவரியைத் தானியங்கி முறைக்கு மாற்றும் வரி ஒன்று, பெயர்ச்சேவையகத்தை, அதாவது டிஎன்எஸ்ஸை, அவ்வாறே மாற்றும் வரி ஒன்று, சேமித்த விபரத்தின் பெயரைச் சொல்லி இணைக்கும் வரி ஒன்று. இதில் மாணவர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. நெட்எஸ்எச் வழியாக இடப்படும் நிலையான முகவரி குறித்த வலைக்கு உரியதாகாமல் கணினியின் கம்பியில்லா அட்டைக்கே உரியதாகிவிடுவதால், பாடசாலைக் கோப்பை இயக்கிவிட்டு வீடு திரும்புபவர் வீட்டுக் கோப்பை இயக்க மறந்தால், வலையில் இணைந்திருந்தும் இணையம் கிடையாது. இரண்டாவது, இணைக்கும் கட்டளை வெற்றி என்று திரையில் எழுதுவது இணைப்புக் கிடைத்ததை அன்று, இணைக்கும் கோரிக்கை ஏற்கப்பட்டதை மட்டுமே. சில விநாடிகள் காத்திருந்து நிலையைச் சரிபார்க்கும் வரி ஒன்றைச் சேர்க்காதவர், இணையாத வலையை இணைந்ததாகக் கருதி ஏமாறுவார். இவை இரண்டையும் அறிந்தவருக்கு இந்த எளிய பட்ச் கோப்பு ஆண்டுக்கணக்கில் பிழையின்றி உழைக்கும்.

விண்டோஸின் மற்றொரு கட்டளைச் சூழலாகிய பவர்ஷெல் நவீனமானது என்பதற்காகவே அதை விரும்புவோர் உண்டு. ஆனால் சேமித்த வைஃபை விபரத்தோடு இணைக்கும் கட்டளை அதனுள் இயல்பாக இல்லாமையால், அதுவும் இறுதியில் நெட்எஸ்எச்சையே அழைக்க வேண்டியிருக்கிறது. பைதானில் எழுதுபவரும் பெரும்பாலும் அதே கட்டளையை இன்னொரு உறையில் சுற்றி அனுப்புபவரே. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் சூழலில் இதை எழுத முயல்வது வீண், ஏனெனில் அச்சூழலின் கண்ணுக்குக் கணினியின் வைஃபை அட்டையே தெரிவதில்லை.

சரியான வடிவமைப்பைக் காண விரும்புபவர் லினக்ஸின் நெட்வேர்க் மனேஜரைத்தான் பார்க்க வேண்டும். அதில் நிலையான முகவரியும் பெயர்ச்சேவையகமும் முன்னுரிமை எண்ணும் மீட்டர் குறிப்பும் அந்தந்த வலையின் விபரத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், என்எம்சிஎல்ஐ என்னும் கட்டளையால் ஒரு விபரத்தை எழுப்பியவுடன் அவை யாவும் கூடவே வந்து, அதை விட்டதும் கூடவே போய்விடுகின்றன. மேலே சொன்ன முதலாவது தடுக்கல் இங்கே பிறக்கவே இடமில்லை. அந்தக் கட்டளை இணைப்பு உண்மையில் கிடைக்கும்வரை, இயல்பாக 90 விநாடிகள் வரை, காத்திருந்து, வெற்றியானால் 0 என்றும் இணைப்பு எழாமற் போனால் 4 என்றும் எண்ணைத் திருப்பித் தருவதால், வீட்டு வலை கிடைக்காவிட்டால் மட்டும் கைத்தொலைபேசி வலைக்குச் செல் என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். பழைய மடிக்கணினியில் டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றை நிறுவி, இந்த ஒரு வரியைப் பொருள் உணர்ந்து எழுதும் மாணவர், விலையுயர்ந்த கணினியில் புரியாத நூறு வரிகளை ஒட்டிவைத்திருப்பவரைவிட நெடுந்தூரம் முன்னால் நிற்கிறார். தீவகத்தில் கணினிகளோடு நெடுநாள் மாரடித்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

இவ்வளவு எளிய வழிகள் இருக்க, மாணவர் மொய்ப்பது காளி லினக்ஸை நோக்கி. 2006இல் தோன்றிய பேக்ட்ராக்கின் வழித்தோன்றலாக, ஒஃபென்சிவ் செக்குரிட்டி நிறுவனம் 2013 மார்ச்சில் வெளியிட்ட இந்த இயங்குதளம், வலைகளின் பாதுகாப்பை அனுமதியோடு சோதிக்கும் தொழில்முறையாளருக்கென்று ஆனது. லினக்ஸில் பழக்கமில்லாதவர் அன்றாடக் கணினியாக இதைப் பயன்படுத்துவது உகந்ததன்று என்று அதை உருவாக்கியோரின் ஆவணமே கூறுகிறது. அந்த வரியை எவரும் வாசிப்பதில்லை. கருந்திரையில் பச்சை எழுத்து ஓடும் காணொளி ஒன்றும், சைபர் செக்குரிட்டி படித்தால் வெளிநாட்டில் வேலை நிச்சயம் என்ற உறவினரின் சொல்லும் சேர்ந்தால், வைஃபையைக் கட்டளையால் ஆள்வதென்றால் காளிதான் என்ற முடிவுக்கு வீடே வந்துவிடுகிறது. தமது பாடக் குறிப்புகளும் ஒப்படைகளும் இருக்கும் ஒரே மடிக்கணினியின் விண்டோஸை அழித்துவிட்டு அதை நிறுவும் மாணவரைத் தடுக்க அங்கே ஆளில்லை.

அதன்பின் நேர்வது ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒன்றே. நிறுவல் கோப்பு மட்டுமே ஏறக்குறைய 4 ஜிகாபைட். நிறுவிய பின்னரும் தொடர்ச்சியாகப் புதுப்பிக்கப்படும் வகையைச் சேர்ந்ததாகையால் அடிக்கடி பெரும் தொகையான பொதிகளை இறக்கக் கேட்கும், ஆக டேட்டாவைக் காக்கப் புறப்பட்டவரின் டேட்டா அங்கேயே கரையும். அதைவிட வேதனையானது வேறொன்று. காணொளிகளில் முதலில் கற்பிக்கப்படும் பயிற்சி, வைஃபை அட்டையை எல்லா அலைகளையும் ஒட்டுக்கேட்கும் கண்காணிப்பு நிலைக்கு மாற்றுவது. அதற்கு முன்னோடியாகத் தரப்படும் கட்டளையோ, குறுக்கிடும் சேவைகள் என்று கருதி நெட்வேர்க் மனேஜரையே நிறுத்திவிடுகிறது. சேமித்த வலைகளுக்கிடையே மாறக் கற்க விரும்பிய மாணவர், அவ்வலைகளைப் பேணும் சேவையைத் தம் கையாலேயே அணைத்துவிட்டு, மடிக்கணினியின் வைஃபை பழுதாகிவிட்டதென்று படகேறி நகரத்துக் கணினிக் கடைக்குப் போகிறார். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரக் கடற்பயணம், அதன்மேல் பேருந்து. திருத்தமோ அந்தச் சேவையை மீண்டும் தொடங்கச் சொல்லும் ஒரே கட்டளை. விண்டோஸை அழிக்க அஞ்சி மெய்நிகர் கணினியாகக் காளியை இயக்குபவருக்கு வைஃபையே தென்படாது, அங்கே தெரிவது கம்பி இணைப்புப் போன்ற ஒரு போலி அட்டை மட்டுமே. ஆகவே யூஎஸ்பி அட்டை ஒன்றை வாங்கும் அடுத்த செலவு வருகிறது. அயலவரின் வலையில் அனுமதியின்றிப் பயிற்சி செய்வது விளையாட்டன்று என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்: அதிகாரமின்றி ஒரு கணினியை அணுகுவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

காளி கெட்டதன்று. அது கடைசிப் படி. அதை முதற் படியாக வைப்பதுதான் கேடு. வலை எவ்வாறு முகவரி வழங்குகிறது, கடவுச்சொல் எவ்வாறு சரிபார்க்கப்படுகிறது என்பவற்றை அறியாமல் அவற்றை உடைக்கும் கருவியைக் கையில் எடுப்பவர், ஓட்டிப் பழகாத வள்ளத்தைப் புயல் நாளில் கடலில் இறக்குபவரைப் போன்றவர்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் கடவுச்சொற்கள் குறித்து விழிப்பு வேண்டும். நெட்எஸ்எச் வழியாக விபரங்களை ஏற்றுமதி செய்யும்போது கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதச் சொன்னால், அந்தக் கோப்பைத் திறக்கும் எவரும் அதை வாசிக்கலாம்; அத்தகைய கோப்புகளை வைபர் குழுக்களில் பகிர்வது வீட்டுத் திறப்பைச் சந்தியில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். லினக்ஸில் கடவுச்சொற்கள் நிர்வாகி மட்டும் வாசிக்கக்கூடிய கோப்புகளில் இருக்கின்றன. லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கும் எடுரோம் வலையில் மாணவரின் சொந்தப் பயனர்பெயரும் கடவுச்சொல்லுமே பயன்படுவதால், சேவையகத்தின் சான்றிதழைச் சரிபார்க்காமல் இணைக்கும்படி எழுதப்பட்ட குறுக்குவழிக் கோப்பு எதையும் பயன்படுத்தலாகாது.

எல்லோரும் கட்டளைக் கோப்பு எழுத வேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. பிழைச் செய்தியைக் கண்டதும் அதை மூடாமல் முழுதாக வாசிக்கும் இயல்புள்ள பிள்ளைக்கு இந்த வழி பொருந்தும். கணினியைக் கழற்றிப் பூட்டுவதில் கை துருதுருக்கும் பிள்ளைக்கு வன்பொருள் வழி இருக்கிறது. இரண்டிலும் நாட்டமில்லாத பிள்ளை பணிப்பட்டியைச் சொடுக்கிவிட்டுத் தன் பாடத்தைப் படிப்பதில் குறைவொன்றுமில்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் அறிமுகமானபின் இத்தகைய நாட்டங்களுக்குப் பாடசாலையிலேயே இடம் கிடைத்திருக்கிறது. அந்த நாட்டத்தை அடையாளம் காணும் பொறுமைதான் வீடுகளில் போதாமல் இருக்கிறது. எழுதத் துணிந்தவரும் கோப்பை அப்படியே இறக்கி ஒட்டாமல், ஒவ்வொரு வரியையும் முதலில் கட்டளைத் திரையில் கையால் தட்டச்சிட்டு, என்ன மாறியது என்று பார்த்து, அதன் பிறகே கோப்பில் சேர்க்க வேண்டும். மூன்று வரிக்கு மூன்று நாள் சென்றால் அது தாமதம் ஆகாது.

வலைக்குப் பெயரிடும்போதே ஒரு கணக்கை நினைவிற் கொள்வது பயன் தரும். வைஃபை வலையின் பெயருக்கு உரிய எல்லை 32 பைட்டுகள். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்பட்டு, 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். நயினாதீவு என்பதற்கு 27, நெடுந்தீவு என்பதற்கு 30 என்று இரண்டும் எல்லைக்குள் அடங்குகின்றன, ஊர்காவற்றுறை 36 ஆகி வெளியே நிற்கிறது. தமிழ்ப் பெயரிட்டவர் பட்ச் கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமித்து, கட்டளைத் திரையின் எழுத்துக் குறியீட்டு எண்ணை 65001 ஆக மாற்றும் வரியை அதன் தலையில் இடாவிட்டால், கணினி அந்தப் பெயரைக் கண்டுபிடிக்காது.

எழுதிய கோப்புகளைத் தீவிலேயே சோதித்துவிட வேண்டும். ரவுட்டரின் மின்செருகியைக் கழற்றிக் கைத்தொலைபேசிக்கான கோப்பை இயக்கிப் பார்ப்பது, மீண்டும் செருகி ரவுட்டர் முழுதாக எழும்வரை காத்திருந்து வீட்டுக்கான கோப்பை இயக்கிப் பார்ப்பது என்ற இரண்டும் வீட்டிலேயே முடியும். பாடசாலைக்கான கோப்பை மட்டும் அங்கேதான் சோதிக்க இயலும் என்பதால், அதற்குரிய முகவரி எண்களை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு, அட்டையைத் தானியங்கி நிலைக்கு மீட்கும் வீட்டுக் கோப்பும் அதே மேசைத்தளத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலை நேரத்திலேயே அதை முதன்முறையாக இயக்க வேண்டும். பிழைத்தால் கேட்டுத் திருத்துவதற்குப் பிற்பகல் படகுவரை அவகாசம் இருக்கும்.