அமத்தின கையோடு சத்தம் வர: லப்டொப்பில் அசியோ

இரத்மலானை வீட்டில் என் மருமகள் மிடி கீபோர்டை லப்டொப்பில் செருகி சரளி வரிசை வாசித்தாள். முதற் காலத்தில் குறை தெரியவில்லை. மூன்றாம் காலத்துக்குப் போனதும் விரல் ஓரிடம், சுரம் ஓரிடம். "மாமா, நான் அமத்தி முடிச்ச பிறகுதான் சத்தம் வருது" என்றாள். கீபோர்டில் பிழையில்லை. வெள்ளவத்தைக்குப் போய்ப் புது சவுண்ட் காட் வாங்கவும் அவசரமில்லை.

விண்டோஸ் எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் ஓரிடத்தில் கலந்துதான் வெளியே விடும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது. அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்க ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த டிரைவர் முறையே அசியோ. லப்டொப்போடு வரும் ரியல்டெக் சிப்புக்குப் பெரும்பாலும் அசியோ டிரைவர் இருப்பதில்லை. மைக்கேல் டிப்பாக் எழுதிய 'அசியோ4ஆல்' என்ற டிரைவர் அந்தக் குறையைத் தீர்க்கிறது, அதுவும் இலவசமாக.

தொடங்குமுன் புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். அது தனியாகவே பெரும்பாலும் நூறு மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தும். அசியோ டிரைவரால் அதைக் குறைக்க முடியாது. வயர் ஹெட்போன்தான் வேண்டும்.

அடுத்து விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில் ஸ்பீக்கர், மைக் இரண்டையும் 48,000 ஹேர்ட்ஸுக்கு மாற்றி, 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பவர் பிளானை 'ஹை பெர்ஃபோமன்ஸ்' ஆக்குங்கள். பிறகு அசியோ4ஆலை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். ரீப்பர் போன்ற பதிவுச் செயலியில் ஓடியோ டிவைஸை அசியோ என்றும், டிரைவரை அசியோ4ஆல் என்றும் தெரிவுசெய்து, அங்கேயும் 48,000 என்றே வையுங்கள்.

இப்போது அசியோ4ஆலின் பலகையைத் திறந்து, ஸ்பனர் படத்தை அமத்துங்கள். டிவைஸ் பட்டியல் விரியும். முதலில் ரியல்டெக்கின் வெளியீட்டை மட்டும் இயக்குங்கள். பலர் எல்லாவற்றையும் ஒரேயடியாக இயக்கிவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று அலைகிறார்கள். சில லப்டொப்பில் உள்மைக் வேறொரு சிப்பில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். டிவைஸ் கிடைக்கவில்லை என்று காட்டினால் பிரவுசர்தான் பெரும்பாலும் அதைப் பிடித்து வைத்திருக்கும். மூடிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

முக்கியமான வேலை, கீழே உள்ள பஃபர் நகர்த்தி. 512 சாம்பிள் என்றால் 48,000இல் அதன் தாமதம் ஏறத்தாழ 10.7 மில்லிசெக்கன், 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. காற்றில் சத்தம் ஒரு மில்லிசெக்கனில் சுமார் 34 சென்ரிமீற்றர் போகும். கச்சேரி மேடையில் ஒன்றரை மீற்றர் தள்ளியிருக்கும் மிருதங்கம் பாடகரின் காதுக்கு நாலு மில்லிசெக்கன் பிந்தித்தான் வருகிறது. அதனால் யாருக்கும் தாளம் பிசகுவதில்லை. ஆகவே 64க்கு இறக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 512இல் தொடங்கிப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கையாலும் நிறையச் சுரங்களை ஒன்றாக அமத்திப் பாருங்கள். 'டிக், டிக்' என்று வெடித்தால் ஒரு படி மேலே ஏறி அங்கேயே நில்லுங்கள். எங்களுக்கு 256 போதுமாக இருந்தது.

512இலும் வெடிக்கிறதா? வைஃபையை நிறுத்திப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் லேட்டென்சிமோன் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த டிரைவர் இடையில் புகுந்து மறிக்கிறது என்று பேரோடு காட்டும்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால், அது டிரைவர் சங்கதியில்லை. நம் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் பதிவு செய்யுங்கள். பற்றரியிலும் பவர் பிளான் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாய்ப்பாட்டும் பதிவதென்றால் இப்போது மைக்கை இயக்குங்கள். ஹெட்போனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடித்து, மெட்ரோனோமை ஒலிக்கவிட்டுப் பதியுங்கள். திரையைப் பெரிதாக்கினால் மூலத் தட்டுக்கும் பதிவான தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி தெரியும். அந்த அளவை ரீப்பரின் பதிவு அமைப்பில் 'மனுவல் ஒஃப்செட்' பெட்டியில் எழுதி, மீண்டும் பதியுங்கள். இடைவெளி இரட்டித்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். இரண்டு தட்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கும்.