பார்லர் திறக்கப்போகும் பெறாமகளுக்கு

வேலணை

அன்பு மகளுக்கு,

ஊர்காவற்றுறையில் கடை எடுத்துவிட்டாய் என்று அம்மா சொன்னா. கேட்கச் சந்தோசமாக இருந்தது. புருவம் எடுக்கக்கூட எங்கள் பிள்ளைகள் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகிற காலத்தில், படிப்பை முடித்துக்கொண்டு ஊரிலேயே தொழில் தொடங்க நினைத்தாயே, அது பெரிய காரியம்.

நீ அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்தேன். திரெடிங், பேஷியல், வாக்சிங், மணப்பெண் அலங்காரம் இவற்றைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை. அடியில் மூன்று வரி போட்டிருந்தாய்: நிறம் கூட்டும் கிறீம், குளுட்டதயோன் ஊசி, லேசர். அந்த மூன்றும்தான் என்னை இதை எழுத வைத்தன. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் வேண்டிய நேரம் எடுத்துப் பார்ப்பாய்.

தோல் கிளினிக்கில் தாதியாக நின்ற காலத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று. சனம் டொக்டரிடம் கடைசியாகத்தான் வரும். நெடுந்தீவில் இருக்கிற ஒரு அக்காவை நினைத்துப் பார். விடியப் படகு ஏறி, ஒரு மணித்தியாலம் கடலில் வந்து, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நம்பர் எடுத்துக் காத்திருந்து, பின்னேரப் படகுக்குத் திரும்பி ஓட வேண்டும். ஒரு தேமலுக்காக யார் ஒரு நாள் வேலையை விடுவார்? ஆனால் கலியாண வீட்டுக்குப் போகமுன் உன்னிடம் வருவா. கழுத்தைத் திருப்பிக் காட்டுவா, முதுகைக் காட்டுவா, காலை நீட்டுவா. எங்கள் தீவுகளில் ஒரு மனிசரின் தோலை நல்ல வெளிச்சத்தில் முதலில் பார்க்கப்போகிறவள் நீதான். உன் தொழிலை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

முதலில் கிறீம். வெளிநாட்டுச் சம்பந்தம் பேசியவுடன் தாய்மார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். 'மாப்பிள்ளை ஆவணியில வாறார், அதுக்குள்ள கொஞ்சம் நிறம் வரவேணும்' என்பார்கள். பேஸ்புக்கில் விற்கிற சின்ன டப்பா ஒன்று உனக்கும் கூரியரில் வரும். பெயர் பளபளவென்று இருக்கும். எங்கே செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்தும் இராது. சிலதில் ஒரு எச்சரிக்கை மட்டும் பொடி எழுத்தில் இருக்கும்: பூசும்போது தங்க, வெள்ளி நகைகளில் படவேண்டாம் என்று. அந்த வரியைக் கண்டால் டப்பாவை அப்படியே மூடிவை. அது பாதரசம் கலந்ததன் அடையாளம். பாதரசம் தங்கத்தில் ஒட்டி அதைக் கெடுக்கும் என்பது விற்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. சங்கிலிக்குப் பழுது வரக்கூடாது என்று எழுதத் தெரிந்தவன், பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை பார்.

தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் முகம் வெளுப்பது உண்மைதான். அதே பாதரசம் தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கலில், சிறுநீரக வைத்தியர்கள் 2021 ஜூலையில் இருந்து 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு வகை வியாதியோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு வழமையில் அரிதாகவே காண்கிற வகை. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் கிறீம் பூசியவர்கள். காலும் முகமும் வீங்கி, சிறுநீர் நுரைத்து வரும். யாரும் அதற்கும் முகத்துக் கிறீமுக்கும் முடிச்சுப் போடமாட்டார்கள். கிறீமை நிறுத்தியபின் பெரும்பாலானோர் தேறினார்கள் என்பது ஆறுதல். பூசுகிற ஆளோடும் இது நிற்காது. துவாயிலும் தலையணையிலும் பட்டது, மடியில் கிடக்கிற குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. பாதரசம் சேர்த்த அழகுப்பொருட்கள் எதுவுமே 2025க்குப் பிறகு செய்யவோ ஏற்றி இறக்கவோ கூடாது என்று 2023இல் அதன் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. டப்பாக்கள் மட்டும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பாதரசம் இல்லாத டப்பாக்கள் பலவற்றில் கடுமையான ஸ்டீரொய்ட் இருக்கும்: பெற்றாமெதசோன், குளோபெற்றசோல். இவை கெட்ட மருந்துகள் அல்ல. கரப்பன் பிடித்துத் தோல் வெடித்து வந்தவர்களுக்கு டொக்டர் சொன்ன அளவில் நானே பூசிவிட்டிருக்கிறேன். இரவில் சொறிந்து அழுத பிள்ளைகள் நித்திரை கொண்டார்கள். நல்ல முகத்தில் மாதக்கணக்கில் பூசும்போதுதான் வினை. முதல் இரண்டு கிழமை முகம் பளிங்காக இருக்கும். பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும்; எரிவு தாங்காமல் திரும்பவும் அதையே பூசுவார்கள். இந்தியாவில் முகத்துத் தோல் வியாதியோடு வந்த 2,926 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அதில் 433 பேர் இப்படி முகத்துக்கு ஸ்டீரொய்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு முகம் உன்னிடம் வந்தால் பேஷியல் செய்யாதே, பிளீச் போடாதே. 'நிற்பாட்டு' என்று மட்டும் சொல்லியும் விட்டுவிடாதே. எப்படிக் குறைப்பது என்று டொக்டர்தான் சொல்லவேண்டும்.

ஊசி விஷயத்தில் நான் நீட்டி எழுதத் தேவையில்லை. நிறத்துக்காகக் குளுட்டதயோன் ஏற்றுவது ஆபத்து என்று பிலிப்பைன்ஸ் உணவு மருந்து நிர்வாகம் 2011இலேயே எச்சரித்தது. சிறுநீரகம் பழுதாகலாம், உடம்பு முழுக்கத் தோல் உரிந்து உயிருக்கே வினையாகலாம். பதிவு பெறாத ஆள் வைத்தியம் பார்ப்பது எங்கள் நாட்டில் குற்றம். அந்த வரியை அழித்துவிடு, பிள்ளை.

நிறம் கேட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. அவர்கள் கேட்பதில் பாதி நிறமே அல்ல. மங்கும், வெயில் கருக்கிய திட்டும், பரு விட்டுப்போன கறுப்பும்தான். எங்கள் வெயில் இரண்டு பக்கத்தாலும் அடிக்கிறது, வானத்தால் ஒன்று, கடலால் ஒன்று. கன்னத்தில் மங்கு விழுந்த பெண்ணிடம் கர்ப்பமா, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போடுகிறாவா என்று கேள், அதனாலும் வரும். குடை, அகலத் தொப்பி, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் கிறீம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கவேண்டும் என்பதைப் பூசிக் காட்டு. அரைவாசிப் பேர் பொட்டளவு தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். வெயில் கிறீம் இல்லாமல் மங்குக்கு வேறு எந்த மருந்தும் நிற்காது. அப்புறம், தேசிக்காய்ப் புளியை முகத்தில் தடவுகிற பழக்கத்தை உன் கடையில் வளர்க்காதே. புளி பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து கொப்பளிக்கும், ஆறினாலும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும்.

கழுத்துக்கு வருகிறேன். பிடரியிலும் கமக்கட்டிலும் வெல்வெட் துணி தொடுகிற மாதிரித் தடித்துக் கறுத்த தோலோடு பிள்ளைகள் வருவார்கள். தாய் பக்கத்தில் நின்று 'ஒழுங்கா உரஞ்சிக் குளிக்கிறேல்லை' என்று ஏசுவா. அது ஊத்தை அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், சீனி வருத்தம் வாசலில் நிற்கிறது என்று தோல் சொல்கிற சேதி. நீ எத்தனை ஸ்கிரப் போட்டாலும் போகாது. போகிற மாதிரிக் காட்டிக் காசு வாங்கினால் அது பாவம். அதே பிள்ளைக்கு நாடியில் கரும் மயிரும், மாதவிடாய்க் குழப்பமும் இருந்தால் நூல் போட்டுவிட்டுச் சும்மா அனுப்பாதே. ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் சீனி பார்த்துக்கொண்டு டொக்டரோடு கதைக்கச் சொல். தாயைத் தனியக் கூப்பிட்டு, பிள்ளையை ஏசவேண்டாம் என்றும் சொல். அந்தப் பிள்ளைக்கு அதுவே பெரிய மருந்து.

படர்தாமரை உனக்கு நாளாந்தம் வரும். வேர்வை, ஈரம் காயாத உடுப்பு, வீட்டில் எல்லாருக்கும் ஒரே துவாய். வட்டமாக, ஓரம் சிவந்து, நடு வெளித்து இருக்கும். பார்மசியில் வாங்குகிற கலவைக் கிறீமில் ஸ்டீரொய்டும் இருப்பதால் கடி உடனே அடங்கும், பூஞ்சணம் உள்ளுக்குள் பரவும், வட்டம் கலைந்துவிடும். பிறகு டொக்டருக்கே அடையாளம் பிடிக்கக் கஷ்டம். சிலர் உள்ளி இடித்து வைத்துக் கட்டித் தோலை வேகவைத்துக்கொண்டு வருவார்கள். நீ செய்யவேண்டியது ஒன்றுதான்: அந்த இடத்தில் வாக்ஸ் போடாதே, அந்தத் துவாயை வேறாக்கு, வீட்டில் இருக்கிற மற்றவர்களும் சேர்ந்து மருந்தெடுக்கவேண்டும் என்று சொல்.

தேமல் என்று நினைத்து நீ கவனிக்காமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. வெளிறிய திட்டு, அல்லது கொஞ்சம் சிவந்த திட்டு. கடிக்காது, நோகாது. ஆள் அதை வருத்தமாகவே எண்ணமாட்டார். ஒருமுறை ஒரு கடற்றொழிலாளி முழங்கையில் அப்படி ஒரு திட்டோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். வந்தது அதற்கு அல்ல, அதற்குக் கீழே சுட்ட புண்ணுக்கு. அடுப்பில் கை பட்டது அவருக்குத் தெரியவே இல்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் திட்டைத் தொட்டபோது பேசாமல் இருந்தார். பக்கத்துத் தோலில் தொட்டதும் 'இங்க' என்றார். தொழுநோய்.

இந்த நோய்க்காரரைத் தனியே வைக்க, ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கிற கோட்டையை வைத்திருந்த அதே ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். மட்டக்களப்பில் மாந்தீவும் அப்படி ஒதுக்கிவைத்த இடம்தான். ஒதுக்கிவைக்கிற அந்தக் காலம் போய்விட்டது. 1983இல் இருந்து கூட்டு மருந்து சிகிச்சை எங்கள் நாட்டில் இருக்கிறது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் குளிசை, முற்றிலும் இலவசம், தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது. 1995இல் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டோம் என்றாலும் இன்றும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் புதிய நோயாளிகளைக் கண்டுபிடிக்கிறார்கள், சிறுபிள்ளைகளும் அதில் உண்டு. பிந்திக் கண்டால் விரல் மடங்கும், கால் புண்ணாகும். முந்திக் கண்டால் ஊனம் வராமல் காக்கலாம். அதனால் உணர்ச்சி குறைந்த திட்டு ஒன்றைக் கண்டால், கடையில் நாலு பேர் இருக்கும்போது பெயரைச் சொல்லிவிடாதே. கதவைச் சாத்தி, 'இதை ஒருக்கால் தோல் கிளினிக்கில் காட்டுங்கோ, சுகமாகிற விஷயம்தான்' என்று சொல். ஒரு குடும்பத்தின் மானம் உன் வாயில் இருக்கிறது. அடுத்த முறை அவர்கள் வரும்போது அதே கதிரை, அதே சிரிப்பு.

மெஷின் பற்றி. கொழும்பில் பாவித்த லேசர் மெஷின் மலிவாக வருகிறது என்று எழுதியிருந்தாய். மயிரை எரிக்கிற கதிர் கறுப்பைத்தான் தேடும். வெள்ளைத் தோலில் கறுப்பு மயிரில் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்குத் தோலிலும் இருக்கிறது. எங்கள் நிறத்துக்கு 1,064 நானோமீற்றர் என்.டி. யாக் லேசர்தான் பாதுகாப்பு கூடியது, அதுவும் தோல் வைத்தியரின் கண்காணிப்பில். மலிவு மெஷின் கன்னத்தில் சூட்டுத் தழும்பு வைக்கும்.

ஆவணி விடுமுறைக்குக் கனடாவில் இருந்து வருகிறவர்கள் கொழுப்பை உறையவைக்கிற சிகிச்சை பற்றியும் கேட்பார்கள். அதன் வேர் ஒரு ஐஸ்பழத்தில் இருக்கிறது: ஐஸ்பழம் சூப்பிய குழந்தையின் கன்னத்துக் கொழுப்பு குளிரால் பாதிக்கப்பட்டதை 1970இல் அமெரிக்க வைத்தியர்கள் இருவர் எழுதினார்கள். கொழுப்புக் கலம் மற்றக் கலங்களுக்கு முந்திக் குளிரில் சாகும் என்பதை வைத்து ஹார்வர்டில் சிகிச்சை ஆக்கினார்கள். 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓரிடத்துக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையும், உடம்பு நிறை குறையாது. அரிதாகச் சிலருக்குக் குறைவதற்குப் பதில் அந்த இடம் கட்டியாகப் பெருக்கும். லிண்டா எவஞ்செலிஸ்டா என்ற பெயர்போன மொடல் தனக்கு அப்படி நடந்ததை 2021இல் வெளியே சொன்னா. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்துக் காசு வாங்குகிற இடங்களும் உண்டு. நீ அந்தப் பக்கம் போகாதே.

இனிச் சின்னக் காரியங்கள். திரெடிங் நூலைப் பல்லில் கடிக்காதே, கழுத்தில் கட்டிக்கொள். ஒருவருக்குப் பாவித்த நூல் குப்பைக்கு. மருவும் பாலுண்ணியும் நூலாலும் வாக்ஸாலும் பரவும். சாமத்தியவீட்டுப் பிள்ளைக்குக் கறுப்பு மருதாணி போடாதே. அதில் தலைச்சாயத்தில் கலக்கிற பி.பி.டி. இருக்கும், ஒருமுறை கொப்பளித்த பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயம் ஒத்துவராது. தலைச்சாயமோ பிளீச்சோ, இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவிப் பார். ஒட்டுப்பொட்டு வைத்த இடம் வெளுத்த அம்மாமார் வந்தால் பசைதான் காரணமாக இருக்கலாம். அதை நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் காட்டச் சொல். மச்சத்தை எரிக்கக் கேட்டால் இல்லை என்று சொல்லு; கூடிக்கொண்டோ இரத்தம் கசிந்துகொண்டோ இருந்தால் உடனே அனுப்பு.

கடை வாடகையை நினைத்துத்தான் அந்த மூன்று வரியையும் போட்டாய் என்று எனக்குத் தெரியும். முதல் ஆறு மாத வாடகையில் பாதியை நான் தருகிறேன், அம்மாவிடம் சொல்லியாயிற்று. பட்டியலைத் திரும்ப அச்சடி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் உன்னை அறிமுகம் செய்துகொண்டு, தோல் கிளினிக் எந்த நாட்களில் என்று கேட்டு எழுதி வா. அந்த நாட்களையும், குறிகட்டுவான் படகு நேரங்களையும் ஒரே கடதாசியில் எழுதி உன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டு. பஞ்சுத் திரியால் எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று வருகிற ஞாயிறு வீட்டுக்கு வா, காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா